எக்கோ விவகாரம்

ஜனவரி 19, திங்கள்

காலையில் நல்ல பனி. ஏரி கண்ணுக்குத் தெரியவில்லை. படகுச் சத்தம் மட்டும்.

மாத்திரை கொடுக்கிற சென்டரில் ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் மேடம் சொன்னபடி இன்று முதல் எழுத ஆரம்பம். எழுத வேண்டியவை: மூச்சு வாங்குதா, படபடப்பு உண்டா, கால் வீங்குதா. சுருக்கமாக மூ.வா., ப.ப., கா.வீ. இன்று மூன்றும் இல்லை. மாத்திரை போட்டாச்சு.

எழுதச் சொன்னால் எழுதுவேன், பத்தாவது வரைக்கும் படித்தவள்தான். எதற்கு எழுதச் சொல்கிறார்கள் என்பதுதான் யோசனை. இத்தனை வருஷமாக அந்த சென்டரில் நமக்கும் அவர்களுக்கும் ஒரே பேச்சு. மாத்திரை சாப்பிட்டீர்களா? சாப்பிட்டோம். அடுத்த மாசம் வாங்க. இப்போது திடீரென்று என் நெஞ்சு மேல் என்ன கரிசனம்?

மேடம் சொன்னது, ஞாபகம் இருக்கிற வரை: "வைரஸ் அடங்கிதான் இருக்குது தனலட்சுமிம்மா. ஆனா உங்கள மாதிரி ரொம்ப வருஷமா மாத்திரையில இருக்கறவங்களுக்கு உள்ளுக்குள்ள ஒரு சூடு தணியாமலே இருக்கும். அதுல ரத்தக்குழாய் சீக்கிரம் கெட்டுப்போகுது. மத்தவங்களுக்கு வயசானப்புறம் வர்ற ஹார்ட் பிரச்சினை உங்களுக்கு முன்னாடியே வரலாம். வலி வர்றதுக்குள்ள எக்கோ ஸ்கேன் பண்ணிப் பாத்துட்டா நல்லதுதானே? ரெண்டு பேரும் வாங்க. இலவசம்தான்."

இலவசம் என்றாலே எனக்குச் சந்தேகம். நம்மை வைத்து எதையாவது சோதிக்கிறார்களோ? கேட்டேன். மேடம் சிரித்தார். கேட்டதற்குப் பதில் சிரிப்பா?

எச்.ஐ.வி. என்று இங்கே ஒரே ஒரு தடவை எழுதிவிடுகிறேன். எனக்கும் என் வீட்டுக்காரர் ஏகாம்பரத்துக்கும். இனிமேல் 'சுகர்' என்றுதான் எழுதப்போகிறேன், ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிற மாதிரியே. ஊரில் யாருக்கும் தெரியாது. கட்டிக்கொடுத்த மகளுக்கே தெரியாது. கொழுந்தன் சேகருக்கும் அவன் பெண்டாட்டி மலருக்கும் தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

ஜனவரி 20, செவ்வாய்

மூ.வா. இல்லை. வாடைக்காற்று. நண்டு கொஞ்சம், அதிலும் பாதி தண்ணி நண்டு, தட்டினால் பொக்கை. பொன்னேரி மார்க்கெட்டில் விற்க உட்கார்ந்தேன், ஒரு டீச்சரம்மா ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். அமுக்கட்டும், நானும் அப்படித்தான் வாங்குவேன்.

மதியம் வீட்டில் இருக்கும்போது மெட்ராஸ் ஆஸ்பத்திரியிலிருந்து போன். நான் சத்தமாகப் பேசுகிறவள், போனில் இன்னும் சத்தம். "எக்கோவுக்கா? அடுத்த புதன்கெழமயா? சரிங்க. எக்கோ எடுக்க எவ்ளோ நேரம் ஆவும்? வேற யாருக்கும் சொல்லல சார், நாங்க ரெண்டு பேரு மட்டும்தான்." வைத்துவிட்டுத் திரும்பினால் குழாயடியில் மலர் குடத்தோடு. குடம் நிரம்பி வழிகிறது, அவள் குழாயை மூடவில்லை.

"இன்னாக்கா, போனா?"

"ராங் நம்பர்."

ராங் நம்பரிடம் புதன்கிழமை வருகிறேன் என்று சொல்கிறவள் உண்டா? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சாயங்காலம் நல்ல சேதி. ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கியதில், பிப்ரவரி 2 அன்றைக்கு முகத்துவாரப் பாடு நம்ம வீட்டுக்கு. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் சேர்ந்த பாடு, மாமனார் காலத்திலிருந்து. கடல் தண்ணி ஏறி இறங்குகிற இடம், இறால் கொட்டும். அவர் முகத்தில் எத்தனையோ நாளைக்கு அப்புறம் ஒரு களை. "நைனா இருந்திருந்தா கூத்தாடியிருப்பாருடி."

ஸ்கேனுக்கு வருகிறாயா என்று அந்தக் களை இருக்கும்போதே கேட்டேன். "எனக்கு இன்னாத்துக்கு? நெஞ்சு இரும்பு மாதிரி கீது. நீ போய்ட்டு வா." இரும்புதான் துரு பிடிக்கும் என்றேன். காதில் வாங்கவில்லை.

ஜனவரி 22, வியாழன்

ப.ப. உண்டு. காரணம் கீழே.

போன வாரம் நான் கொடுத்தனுப்பிய குழம்புச் சட்டியை மலர் திருப்பி அனுப்பினாள். வெறும் சட்டி. எங்கள் தெருவில் வெறும் சட்டி திருப்பிக் கொடுக்கிற வழக்கமே கிடையாது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி அரிசி, நாலு மிளகாய். கழுவித் துடைத்து, பளபளவென்று. எதற்கு அப்படிக் கழுவினாள்?

நேற்று பின்வாசலில் எதிர்ப்பட்டாள், பேசாமல் முந்தானையை இழுத்துக்கொண்டு போனாள். சேகர் அண்ணனைக் கூப்பிடாமலே கடலுக்குப் போய்விட்டான். படகு ரெண்டு பேருக்கும் சொந்தம். அவன் பிள்ளைகள் ரெண்டு நாளாக டி.வி. பார்க்க நம் வீட்டுப் பக்கம் வரவில்லை.

தெரிந்துவிட்டது. போனில் நான் ஆஸ்பத்திரி என்று சொன்னேனா? சொல்லவில்லை. சென்டர் என்றேனா? ஞாபகம் இல்லை. இந்த மலருக்கு மோப்பம் அதிகம்.

இதற்கு நடுவில் இந்த மனுஷன். விடியற்காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கே? "காட்டுப்பள்ளி பக்கம். இன்ஜின் சாமான் பாக்கணும்." இன்ஜின் சாமான் பார்க்க வெள்ளைச் சட்டை எதற்கு? இருட்டுகிற நேரத்தில் திரும்பினார். சாமான் எதுவும் கையில் இல்லை. சட்டையைக் கழற்றினால் நெஞ்சு முடியில் வெள்ளையாக, காய்ந்து, பொரிப்பொரியாக ஏதோ ஒட்டியிருந்தது.

"இன்னாயா இது?"

"கிரீஸ் பட்டுடுச்சு."

கிரீஸ் என்றைக்கு வெள்ளையாக இருந்தது? விரலால் தொட்டேன், செதிலாக உதிர்ந்தது. வாசனை இல்லை. பவுடரும் இல்லை. அவர் என் கையைத் தட்டிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் குளிக்கப் போய்விட்டார். இந்த வயசில் எவளாவது இருக்கிறாளா? ஒரு தடவை பட்டது போதாதா இந்த ஆளுக்கு? அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

ஜனவரி 24, சனி

மூ.வா. கொஞ்சம், சண்டைக்குப் பிறகு. சண்டைக்கு முன்னால் இல்லை. இதை மேடத்திடம் எப்படிச் சொல்வது?

ஏலக்கூடத்தில் ரெண்டு பொம்பளைகள் பேசிக்கொண்டது, என் காதுபடவே: "அண்ணன் தம்பி பிரியறாங்களாமே." "அப்படித்தான் பேசிக்கறாங்க. பெரியவரு வூட்ல ஏதோ மூடி மறைக்கறாங்களாம்." திரும்பிப் பார்த்தேன். கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

நேராக மலர் வீட்டு வாசலுக்குப் போனேன். எதுவாக இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா கேளு, இப்படி ஊர்ல பேசாதே என்றேன். 

"கேட்டா மட்டும் சொல்லிடப் போறியாக்கா? எங்கள எதுல சேத்துக்கினீங்க, இதுல சேத்துக்கறதுக்கு? உங்க வூட்டு ரகசியம் உங்களோட."

"எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"செவ்வாக்கெழமையே தெரிஞ்சுது. உன் வாயாலதான்."

அவ்வளவுதான். வேறென்ன வேண்டும்? எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை. அவரிடம் சொன்னேன். ஊரை விட்டே போய்விடலாமா, சுண்ணாம்புக்குளத்தில் என் அண்ணன் இருக்கிறானே என்றேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ரெண்டாந்தேதி பாடு முடியட்டும், அப்பால பாக்கலாம்" என்கிறார். குடியே முழுகும்போதும் இவருக்குப் பாடு.

ஜனவரி 26, திங்கள்

மாத்திரை போட்டாச்சு. வெயில். இன்றைக்கு நடந்ததை எழுதினால் எனக்கே சிரிப்பு, சிரித்ததால்தான் கெட்டது.

பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்து முடிந்த நேரம். சேகர் எங்கள் வாசலில் வந்து நின்றான். அவன் கத்துகிறவன் இல்லை, அமைதியானவன். இன்று கத்தினான்.

"அண்ணா! எக்கோ வாங்கறியாமே? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? போட்டு ரெண்டு பேருதுதானே? நீ தனியா எக்கோ வாங்கி தனியா ஓட்டப் போறியா? நானு, எம் பொண்டாட்டி, கொயந்தங்க, எங்க போறது?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. கடலுக்குப் போகிறவர்கள் படகில் வைக்கிறார்களே, தண்ணிக்கு அடியில் மீன் எங்கே நிற்கிறது என்று திரையில் காட்டுகிற மெஷின், அதுவும் எக்கோதான். மலர் குழாயடியில் கேட்டது அந்த எக்கோ! புதன்கிழமை எக்கோ எடுக்கப் போகிறோம், வேறு யாருக்கும் சொல்லவில்லை, நாங்க ரெண்டு பேரு மட்டும்! சுகர் விஷயம் யாருக்கும் தெரியாது! எனக்கு அப்படியே நெஞ்சிலிருந்து கல் இறங்கியது, விழுந்து விழுந்து சிரித்துவிட்டேன். நிறுத்த முடியவில்லை.

"அண்ணி சிரிக்கறாங்க பாருண்ணா. எங்க பொழப்பு இவங்களுக்குச் சிரிப்பு."

உடனே ஏதாவது சொல்ல வேண்டும். எக்கோ யாருக்கு என்று சொன்னால், ஏன் என்று கேட்பான். ஏன் என்று சொன்னால் எல்லாம் வெளியே வரும். அந்த அவசரத்தில் வாயில் வந்தது: "சும்மா வெல விசாரிச்சோம் சேகரு. அவ்ளோதான். வாங்கலாம்னா உங்கிட்ட சொல்லாமயா?"

அவர் என்னைப் பார்த்த பார்வை! சேகர் "அப்ப நெசந்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இல்லாத எக்கோவை நானே இருக்கிறது என்று ஒத்துக்கொண்டேன். பேஜார் பிடித்த வாய்.

ஜனவரி 28, புதன்

முதல் பஸ். பொன்னேரியிலிருந்து மின்சார ரயில். தனியாகத்தான் போனேன். அவர் வரவில்லை. வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் முதலில் பார்த்தது: பெயர்ப்பலகை. எங்கேயாவது நம்ம வியாதி பெயர் எழுதியிருக்கிறதா? இல்லை. இருதயப் பிரிவு, அவ்வளவுதான். வரிசையில் எல்லாவித ஆட்களும். யார் நம்மைப் போல, யார் சும்மா என்று முகத்தில் தேடினேன். அவர்களும் தேடியிருப்பார்கள்.

எக்கோ எடுக்கிற பெண் சின்னப் பொண்ணு. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள். ரெண்டு கையிலும் உறை. எனக்கு முன்னால் போன அம்மாவுக்கு ஒரு கையில்தான் உறை, கதவு இடுக்கில் நான் பார்த்தேன். வந்த கோபத்தில் கேட்டேவிட்டேன். "எனக்கு மட்டும் இன்னாத்துக்கு ரெண்டு கையிலயும் ஒற?"

அவள் இடது கை உறையைக் கழற்றிக் காட்டினாள். மணிக்கட்டு வரை மருதாணி. "நாளைக்கு எங்க அக்காவுக்கு நிச்சயதார்த்தம்மா. முன்னாடி போன அம்மாவுக்குப் பாக்கறப்ப இந்தக் கையிலயும் ஜெல் பட்டுச்சு. மருதாணி போயிடும்ல?" நல்ல சிவப்பாகத்தான் பிடித்திருந்தது.  அழகா இருக்குது என்றேன்.

ஜெல் என்றால் கொழகொழவென்று ஒன்று, ஜில்லென்று. நெஞ்சில் தடவி, அதன் மேல் ஒரு கட்டையை வைத்து அழுத்திக்கொண்டே நகர்த்தினாள். விலா எலும்புக்கு நடுவில் அழுத்தும்போது வலித்தது. திரையில் கறுப்பு வெள்ளையாக ஏதோ வாயைத் திறந்து திறந்து மூடியது. என்னுடையதாம். ஒரு பொத்தானை அழுத்தினாள், சத்தமும் வந்தது, புஷ் புஷ் என்று. கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தாள். ஏன் பேசவில்லை? கெட்டதைப் பார்த்தால்தானே பேச்சு நிற்கும்? கேட்டதற்கு "டாக்டர் சொல்லுவாங்கம்மா" என்றாள்.

முடிந்ததும் துடைத்துக்கொள்ளப் பேப்பர் கொடுத்தாள். சரியாகத் துடைக்கவில்லை, அவசரம். டாக்டர் அறைக்கு வெளியே ரொம்ப நேரம் காத்திருந்தேன். கழுத்துக்குக் கீழே அரித்தது. விரலால் சுரண்டினேன். வெள்ளையாக, செதிலாக உதிர்ந்தது.

விரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கிரீஸ்.

டாக்டரம்மா என்னிடம் நல்லாதான் சொன்னார். "பம்பிங் நல்லாருக்கு. வால்வு நல்லாருக்கு. கொழுப்புக்கு ஒரு மாத்திரை தரேன், நடங்க." நான் கேட்டது ஒன்றுதான். "எங்க வூட்டுக்காரு ஏகாம்பரம். போன வியாழக்கெழம வந்தாரா? அவருக்கு இன்னா?"

"அத அவர்கிட்டதாம்மா கேக்கணும். ஒருத்தர் ரிப்போர்ட்ட இன்னொருத்தருக்குச் சொல்ல மாட்டோம். உங்களோடதையும் அவருக்குச் சொல்ல மாட்டோம்." வரவில்லை என்று சொல்லவில்லை. அதுவே போதும்.

ரயிலில் எனக்கு நல்லா இருக்கிறது என்ற சந்தோஷம் ஒரு ஸ்டேஷன்கூட நிற்கவில்லை.

ஜனவரி 29, வியாழன்

மூ.வா., ப.ப., கா.வீ. எதுவும் எனக்கு இல்லை. இனிமேல் அவருக்குத்தான் எழுத வேண்டும்.

அவர் படகோரம் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். சுற்றி வளைக்கவில்லை.

"கிரீஸ் எனக்கும் பட்டுச்சுயா. நேத்து."

அவர் கையில் வலை ஊசி நின்றது.

"நீ பயந்துக்குவன்னுதான் மொதல்ல நா போய்ப் பாத்தேன். எப்படிப் பண்றாங்க, வலிக்குதா, பேரச் சொல்லி கூப்புட்றாங்களா, எல்லாம். ஒண்ணும் இல்லனா உன்ன தெகிரியமா அனுப்பலாம்னு."

"ஒண்ணும் இல்லனா? உனக்கு இன்னா சொன்னாங்க?"

சொல்ல மாட்டேன் என்று கொஞ்ச நேரம் ஜாடை காட்டினார், அதையும் இதையும் பேசினார். நான் நகரவில்லை. கடைசியில் வந்தது. நெஞ்சு ஒரு பக்கம் சரியாக அசையவில்லையாம். ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாமாம். கையில் மருந்து ஏற்றி, பெரிய மெஷினுக்குள் விட்டு சி.டி. படம் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். தேதியும் கொடுத்துவிட்டார்கள். பிப்ரவரி 2, திங்கள்.

பாடு.

"அடுத்த மாசம் போய்க்கறேன். மொகத்துவாரம் எத்தினி வருசத்துக்கு ஒரு தபா வருது தெரியுமா உனக்கு? அதுவுமில்லாம நா போலன்னா சேகரு இன்னா நெனைப்பான்? எக்கோவோட ஓடிட்டான்னு நெனைப்பான்."

வலி இருக்கிறதா என்றேன். இல்லை என்றார். முகத்தைப் பார்த்துச் சொல்லுயா என்றேன். வலையைப் பார்த்துக்கொண்டே, வலை இழுக்கும்போது மட்டும், இங்கே, தாடை வரைக்கும், வாயுதான் என்றார். எத்தனை மாசமாக என்று கேட்கவே பயமாக இருந்தது. வேறு பொம்பளை என்று நினைத்தேனே. அதுவாகவே இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது.

ஜனவரி 31, சனி

பனி இல்லை. தென்காற்று திரும்பியிருக்கிறது என்று பேச்சு, இறால் நிச்சயம் என்று பேச்சு. கரையெல்லாம் நம்ம முகத்துவாரப் பாட்டைப் பற்றித்தான்.

ரெண்டு நாளாகக் கெஞ்சினேன். திட்டினேன். மகளுக்குப் போன் போடுவேன் என்று மிரட்டினேன். அவள் ஏன் என்று கேட்டால் என்ன சொல்வாய் என்று திருப்பிக் கேட்டார்.  காலையில் குனிந்து நங்கூரக் கயிற்றை எடுத்தவர் அப்படியே நெற்றி வியர்த்து உட்கார்ந்தார். வெயில் இல்லை, வியர்க்கிற வேலையும் இல்லை. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு எழுந்து விசிலடித்துக்கொண்டே போனார். விசில் வேறு.

இவரை நிறுத்தக்கூடிய ஆள் ஒருத்தன்தான். அவன் எங்களோடு பேசுவதில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

சாயங்காலம். சேகர் கரையில் நின்று தனியாகப் படகுக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தான். போய் நின்றேன். நிமிரவில்லை.

"நாளைக்கு உங்க அண்ணன் பாடு இழுக்க வரக்கூடாது சேகரு. நீயே பசங்கள வச்சி இழுத்துடு. அவர நா மெட்ராஸ் கூட்டிக்கினு போறேன்."

"இன்னாத்துக்கு? எக்கோவுக்குப் பணம் கட்டவா?"

"எக்கோ போட்டுக்கு இல்ல. அவரு நெஞ்சுக்கு. நெஞ்சுல அடப்பு கீதாம், பெரிய ஸ்கேன் எடுக்கணும்."

அவன் டீசல் கேனைக் கீழே வைத்தான். நம்பிவிட்டான் என்று நினைத்தேன். இல்லை.

"நல்லா கத கட்றீங்க அண்ணி. அன்னிக்கி வெல விசாரிச்சோம்னீங்க. இப்ப நெஞ்சுனு சொல்றீங்க. அண்ணன் நேத்து வெசிலடிச்சிக்கினு போனத நானே பாத்தேன். என்னைப் பாட்டுல வுட்டுட்டு நீங்க அங்க போய் ஜோலிய முடிக்கப் போறீங்க. டபாய்க்கறதுக்கு வேற ஆளப் பாருங்க."

"தாலி மேல சத்தியமா."

"சத்தியம் யார் வேணா பண்ணுவாங்க."

இதற்கு மேல் எதைச் சொன்னால் நம்புவான்? ரிப்போர்ட்டைக் காட்டலாம், அதில் மேலேயே நம்ம சென்டர் முத்திரை. அவனையே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம், அங்கேயும் தெரிந்துவிடும். எந்தப் பக்கம் போனாலும் அந்த ஒரு வார்த்தையில்தான் போய் முட்டுகிறது. அந்த வார்த்தையை மட்டும் யாரும் பொய்யாகச் சொல்ல மாட்டார்கள். பெண்டாட்டி எவளும் புருஷன் பேரில் இட்டுக்கட்ட மாட்டாள். அதனால் சொன்னேன்.

"எங்களுக்குச் சுகரே கெடயாது சேகரு. எச்.ஐ.வி. எனக்கும், உங்க அண்ணனுக்கும். அந்த மாத்திரதான் ரெண்டு பேரும் சாப்புடறோம். அதாலதான் நெஞ்சு இந்த வயசுலயே இப்படி. போதுமா? இப்ப நம்பறியா?"

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டது. அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, காலைப் பார்த்தேன். கால் விரல்கள் மணலைக் கிளறின. 

"மலருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

கேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். 

இத்தனை வருஷம் கட்டிக்காத்ததை ஒரு டீசல் கேனுக்குப் பக்கத்தில் நின்று போட்டு உடைத்துவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது. ஏலக்கூடத்தில் இனிமேல் என் கூடையைத் தொடுவார்களா?

பிப்ரவரி 2, திங்கள்

ரயிலில் எழுதுவது. எழுத்து ஆடுகிறது. திரும்பும்போது.

காலையில் அவர் பாடு இழுக்கக் கிளம்பிக் கரைக்குப் போனார். படகு இல்லை. வலை இல்லை. சேகர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு இருட்டோடு போய்விட்டிருந்தான். கரையில் இருந்த ஒருத்தர், "உன் தம்பி சொல்லிட்டுப் போனான்பா, அண்ணன் இன்னிக்கி வரமாட்டாருன்னு" என்றாராம். அவர் வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்த பார்வையில் நெருப்பு.

"அவங்கிட்ட இன்னா சொன்ன?"

"நெஞ்சுன்னு சொன்னேன்."

"நெஞ்சுன்னா நம்பமாட்டானே."

"நம்பல. அதனால எல்லாத்தையும் சொன்னேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

அடிப்பார் என்று நினைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "பாவி. பாவி" என்றார், என்னையா தன்னையா தெரியவில்லை. அப்புறம் எழுந்து அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். 

ஆஸ்பத்திரியில் துடிப்பைக் குறைக்க ஒரு மாத்திரை கொடுத்து உட்கார வைத்தார்கள். கையில் ஊசி. பெரிய வளையம் மாதிரி மெஷின், அதற்குள் ஆளைப் படுக்க வைத்துத் தள்ளினார்கள். நான் கதவுக்கு வெளியே. உள்ளே ஸ்பீக்கரில், "மூச்ச நல்லா இழுங்க, புடிங்க" என்று கேட்டது. வெளியே நானும் பிடித்துக்கொண்டேன். வெளியே வந்தவர் காலையிலிருந்து முதல் முதலாகப் பேசியது: "மருந்து ஏறினதும் ஒடம்பெல்லாம் சுட்டுச்சுடி. படுக்கையிலயே ஒண்ணுக்குப் போய்ட்டேனோனு பயந்துட்டேன்." சிரித்துவிட்டோம், ரெண்டு பேரும்.

டாக்டரம்மா படத்தைத் திருப்பிக் காட்டினார். கறுப்பில் கொடி மாதிரி ஒரு குழாய், ஓரிடத்தில் நூலாக இளைத்திருந்தது. அங்கேதான் அடைப்பு. நல்ல அடைப்பு. அடுத்த வாரம் அட்மிட் ஆகி, கை வழியாக டியூப் விட்டு, தேவைப்பட்டால் உள்ளே ஸ்டென்ட் வைப்பார்களாம். "இன்னைக்கு வந்தது நல்லதாப் போச்சு. அதுவரைக்கும் கனமா எதையும் இழுக்கக்கூடாது. இழுத்தீங்கன்னா நான் பொறுப்பில்ல." அவர் தலையாட்டினார். இன்றைக்கு வலை இழுத்திருந்தால் என்று நான் கேட்கவில்லை. டாக்டரம்மா முகத்திலேயே இருந்தது.

ஊர் நெருங்குகிறது.  சேகர் யார் யாரிடம் சொல்லியிருப்பான்?

பிப்ரவரி 3, செவ்வாய்

மூ.வா. இல்லை (எனக்கு). அவருக்குப் படி ஏறும்போது.

நேற்று பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். டீக்கடைக்காரர் வழக்கம்போல. இன்று காலை ஏலக்கூடத்துப் பொம்பளைகளும் வழக்கம்போல. "இன்னா தனம், உன் வூட்டுக்காருக்கு நெஞ்சு வலியாமே? சேகரு சொன்னான். சுகர் இருந்தாலே இப்படித்தான், ஜாக்கிரதையா பாத்துக்கோ." சுகர் என்றுதான் சொல்லியிருக்கிறான். ஒருத்தி என் கூடையைத் தூக்கி என் தலையில் வைத்தாள்.

இருந்தாலும் நம்பிக்கை வரவில்லை. இன்று சொல்லாதவன் நாளைக்குச் சொல்லமாட்டானா?

மலர் காலையில் வந்தாள். எக்கோ சண்டைக்கு மன்னிப்பு மாதிரி ஏதோ முணுமுணுத்தாள், இறால் வைத்துவிட்டுப் போனாள். முகத்துவாரத்தில் நல்லா விழுந்ததாம். பாத்திரத்தைக் கொடுக்கும்போது அவள் விரல் என் விரலில் பட்டது, இழுத்துக்கொள்ளவில்லை. அவளுக்குத் தெரியாது. நிச்சயமாகத் தெரியாது.

மதியம் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். சேகர் பின்வாசல் பக்கம் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. வா என்றேன், தலையாட்டினான், வரவில்லை. சரி, அருவருப்பு, வராமலே இருக்கட்டும் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டேன்.

"அண்ணி."

"இன்னா?"

"அந்த ஆஸ்பத்திரில... ரத்தம் பாக்கறதுக்குப் பேரு, ஊரு எல்லாம் சொல்லணுமா? வெளிய யாருக்கும் போவாதே?"

முகத்தை வேறு பக்கம் வைத்திருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது. எங்கள் சோற்றைத் தின்ற பயமா, அண்ணன் பிளேடில் முகம் வழித்த பயமா, வேறு பயமா? சோற்றிலோ தொட்டதிலோ வராது என்று ஆரம்பித்தேன். "அது தெரியும் அண்ணி" என்றான், அவசரமாக. அப்புறம், "எனக்கில்ல. ஒரு பிரெண்டுக்கு."

மலர் குழாயடியில் பிள்ளையைத் திட்டுகிற சத்தம் கேட்டது.

போவாது, யாருக்கும் சொல்லமாட்டாங்க என்றேன். நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு வரச் சொல்லு, நானே கூட வரேன் என்றேன். எந்தப் பிரெண்டு என்று கேட்கவில்லை. சரி என்று சொன்னவன் போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.